சுண்ணாம்பு மூட்டையை இறக்காதீர்கள்: ராம்நாடு கடலோர மிளகாய்க்கு மண் காரமும் நுண்ணூட்டமும், முழு வழிகாட்டி

மூன்று வருடத்துக்கு முன்னால், கார்த்திகை பிறந்த சமயம், எங்கள் மிளகாய்க் காட்டில் குருத்து இலையெல்லாம் எலுமிச்சம்பழ நிறத்துக்கு வெளுத்துவிட்டது. நரம்பு மட்டும் பச்சை, இடையில் எல்லாம் மஞ்சள். போனில் தேடினால் புகையிலைக்காரர் ஒருவர் பேசும் வீடியோ வந்தது. மண்ணில் புளிப்பு ஏறிவிட்டது, டாலமைட் சுண்ணாம்பு போட்டால் சரியாகும் என்றார். மிளகாயும் புகையிலையும் ஒரே குடும்பம், கத்தரி தக்காளி எல்லாம் அதே வகையறா, அதனால் அவருக்குப் பொருந்துவது நமக்கும் பொருந்தும் என்று நானே முடிவுகட்டி ஐந்து மூட்டை வாங்கி வந்து இறக்கிவிட்டேன். சித்தப்பா வந்து பார்த்தார். "ஏன்டா, கடல் பக்கத்துல இருந்துக்கிட்டு உப்பு வாங்கிட்டு வந்திருக்கே" என்றார், அவ்வளவுதான். நல்லவேளை, போடவில்லை. மண்ணைப் பரிசோதித்தபோது பிஎச் 8.4. (பிஎச் என்பது மண்ணின் புளிப்பு, காரத்தைக் காட்டும் எண்; 7 நடு, அதற்குக் கீழே புளிப்பு, மேலே காரம்.)

அந்த வீடியோக்காரர் தப்பாகச் சொல்லவில்லை, அவர் மண் வேறு. புகையிலைக்குப் பிஎச் 5.5 முதல் 6.5 வரை இருந்தால் வசதி. மழை கொட்டிக் கொட்டி சுண்ணாம்புச் சத்து கரைந்துபோன மலை மண்ணிலும் சில சிவப்பு மண்ணிலும் அது 5.5க்குக் கீழே இறங்கிவிடும், அப்போது மாங்கனீசும் அலுமினியமும் அளவுக்கு மேல் கரைந்து வேரைக் கெடுக்கும், அதற்குத்தான் சுண்ணாம்பு. நம் பக்கம் கதை தலைகீழ். தொண்டியிலிருந்து தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வரை கடலோரமாகப் போனால் மழை என்பது வடகிழக்குப் பருவத்தின் இரண்டு மூன்று மாதம்தான், மீதி நாளெல்லாம் வெயில். தண்ணீர் மேலே ஆவியாகப் போகும்போது உப்பைக் கூடவே இழுத்து வந்து மேல்மண்ணில் வைத்துவிட்டுப் போகிறது. மணல் பாங்கான இடத்தில் சிப்பித் தூள், உள்ளே போனால் கரிசலில் சுக்கான் கல். இரண்டுமே சுண்ணாம்புதான். ஏற்கெனவே சுண்ணாம்பு கிடக்கும் மண்ணில் இன்னும் சுண்ணாம்பு போட்டால் என்ன ஆகும்?

ஆக, இங்கே பிரச்சினை புளிப்பு இல்லை, காரம். செடி வெளுப்பது மண்ணில் இரும்பும் துத்தநாகமும் இல்லாததால் அல்ல. இருக்கிறது, பூட்டிக் கிடக்கிறது. பிஎச் அளவில் ஒரு எண் கூடினால் காரம் பத்து மடங்கு கூடியதாக அர்த்தம். அதே ஒரு எண்ணுக்கு மண்ணில் துத்தநாகம் கரைவது சுமார் நூறு மடங்கும், இரும்பு கரைவது சுமார் ஆயிரம் மடங்கும் குறையும். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்வது எல்லாம் ஏன் என்று தானே விளங்கும்.

முதல் வேலை: உங்கள் மண் எந்த வகை?

உவர், களர், வெறும் சுண்ணாம்பு மண். இந்த மூன்றையும் எல்லாரும் "உப்பு மண்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம், வைத்தியம் மாறிப்போவது அங்கேதான்.

உவர் மண்ணில் கரையும் உப்பு அதிகம். வெயில் காலத்தில் வரப்போரம் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும், காலில் மிதித்தால் பொருபொருவென்று இருக்கும். களர் மண்ணில் சோடியம் மண் துகளோடு ஒட்டிக்கொண்டிருக்கும், பிஎச் 8.5க்கு மேல் நிற்கும். மழை பெய்தால் சேறாகக் குழைந்து தண்ணீர் உள்ளே இறங்காமல் கலங்கலாகத் தேங்கும், காய்ந்தால் பாறை. மூன்றாவது வகையில் உப்பும் அதிகம் இல்லை, சோடியமும் அதிகம் இல்லை, ஆனால் சுண்ணாம்பு இருப்பதால் பிஎச் 8லிருந்து 8.4 வரை போய் உட்கார்ந்துகொள்ளும். எங்கள் காடு இந்த மூன்றாவது.

வீட்டிலேயே பார்க்க இரண்டு வழி. காய்ந்த மண் கட்டியில் வினிகர் நாலு சொட்டு விடுங்கள். சோடா மாதிரி நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. அப்புறம் கண்ணாடி டம்ளரில் மழைத்தண்ணீர் ஊற்றி (போர் தண்ணீர் வேண்டாம், அதில் உள்ள உப்பு ஏமாற்றிவிடும்) கோலிக்குண்டு அளவு காய்ந்த கட்டி ஒன்றை மெதுவாகப் போட்டு, ஆட்டாமல் அசைக்காமல் மறுநாள் வரை வையுங்கள். கட்டியைச் சுற்றிப் பால் கலந்த மாதிரி மூட்டம் படர்ந்தால் களர். கட்டி உதிர்ந்து விழுந்தும் தண்ணீர் தெளிவாக இருந்தால் களர் இல்லை. இது வழி காட்டத்தான், இதை வைத்து உரம் வாங்கப் போகக்கூடாது.

மண் எடுப்பதும் அட்டையைப் படிப்பதும்

மண் எடுக்க நல்ல சமயம் சித்திரை, வைகாசி. கடைசிப் பழம் பறித்து முடிந்து காடு சும்மா கிடக்கும். மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு ஆங்கில வி எழுத்து மாதிரி 15 செ.மீ. ஆழம் வெட்டி, ஒரு பக்கச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் சீவி எடுங்கள். ஒரு காட்டுக்குப் பத்துப் பதினைந்து இடத்திலாவது குறுக்கும் நெடுக்குமாகப் போய் எடுக்க வேண்டும். வரப்போரம், குப்பை கொட்டின இடம், மரத்தடி, ஆட்டுக்கிடை போட்ட மூலை எல்லாம் விலக்கு. பள்ளமும் மேடும் உள்ள காட்டில் இரண்டையும் ஒன்றாகக் கலக்காதீர்கள், உப்பு பள்ளத்தில்தான் சேரும். எல்லாவற்றையும் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கைத் தள்ளி, மறுபடி கலந்து, அரைக் கிலோ வரும்வரை இப்படிச் செய்து நிழலில் உலர்த்துங்கள்.

ஒரு விஷயத்தில் நான் ஏமாந்தேன். வீட்டில் இருந்த தகர வாளியில் போட்டுக் கலந்தேன், அதற்குப் பூசியிருப்பது துத்தநாகம். அட்டையில் துத்தநாகம் ஏராளம் என்று வந்தது, செடியோ கெஞ்சிக்கொண்டிருந்தது. நுண்ணூட்டம் (துத்தநாகம், இரும்பு போலக் கொஞ்சமே வேண்டிய சத்து) பார்ப்பதாக இருந்தால் துருப்பிடித்த மம்பட்டி, தகர வாளி, பழைய உரச் சாக்கு எதுவும் வேண்டாம். பிளாஸ்டிக் வாளி, புதுத் துணிப்பை. மம்பட்டியில் வெட்டினாலும் இரும்பு பட்ட பக்கத்தை மூங்கில் சிம்பால் வழித்துத் தள்ளிவிட்டு உள்மண்ணை எடுங்கள்.

மாவட்ட மண் பரிசோதனை நிலையத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ கொடுக்கலாம். ராமநாதபுரத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையமே இருக்கிறது, நம் மண்ணுக்கென்றே உள்ள இடம். 2015இல் வந்த மண்வள அட்டைத் திட்டத்தில் 12 விவரம் தருகிறார்கள்: பிஎச், இசி என்கிற மின் கடத்துதிறன் (உப்பின் அளவைக் காட்டுவது), அங்ககக் கார்பன், தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்), கந்தகம், அப்புறம் துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான். கொடுக்கும்போதே "ஜிப்சம் தேவையும் பார்த்துத் தாருங்கள்" என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள், அது அட்டையில் தானாக வராது.

அட்டை வந்ததும் எல்லாரும் தழை மணி சாம்பலைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் முதலில் இசியைப் பாருங்கள். 1க்குக் கீழ் இருந்தால் பயமில்லை. 1ஐத் தாண்டினால் முளைப்பு தடுமாறும். 3க்கு மேல் போனால் அந்தக் காட்டில் இந்த வருடம் மிளகாயை மறந்துவிடுங்கள், வீம்பு வேண்டாம். மிளகாய் உப்புக்குப் பயந்த பயிர். மண்ணைக் குழைத்துப் பிழிந்தெடுத்த சாறின் இசி 1.5ஐத் தாண்டினதுமே மகசூல் இறங்க ஆரம்பிக்கும், அதற்கு மேல் ஒவ்வொரு எண்ணுக்கும் சுமார் 14 சதவீதம் போகும், அந்தக் கணக்கில் 4 வந்தால் மூன்றில் ஒரு பங்கு காலி. அட்டையில் வருவது நிறையத் தண்ணீர் கலந்து அளப்பது, அதனால் எண் சிறிதாகத் தெரியும். இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் குழம்ப வேண்டாம்.

அடுத்தது நுண்ணூட்டம். தமிழ்நாட்டில் பற்றாக்குறைக்கு வைத்திருக்கும் எல்லை: துத்தநாகம் 1.2 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்கிற கணக்கு), மாங்கனீசு 2.0, தாமிரம் 1.2. இரும்புக்கு மட்டும் இரண்டு எல்லை உண்டு, சுண்ணாம்பு இல்லாத மண்ணுக்கு 3.7, சுண்ணாம்பு மண்ணுக்கு 6.3. வினிகர் நுரைத்த காடு என்றால் 5 இருந்தாலும் உங்களுக்குப் பற்றாக்குறைதான். அட்டையில் "போதுமானது" என்று அச்சடித்திருந்தாலும் எந்த எல்லையை வைத்துச் சொன்னார்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

பிஎச்சைக் குறைக்கலாமா?

கந்தகம் போட்டால் காரம் இறங்கும் என்று கடையில் சொல்வார்கள். பள்ளிக்கூடக் கணக்குதான், போட்டுப் பார்ப்போம். ஒரு ஏக்கரில் 15 செ.மீ. ஆழத்துக்கு உள்ள மண் சுமார் 9 லட்சம் கிலோ. அதில் சுண்ணாம்பு வெறும் ஒரு சதவீதம் என்றாலே 9 டன். அதைக் கரைத்து முடிக்க ஏறக்குறைய 3 டன் கந்தகம் வேண்டும். நீங்கள் போடப் போவது 20 கிலோ. அந்த 20 கிலோவால் கந்தகச் சத்து கிடைக்கும், அது நல்லதுதான், ஆனால் காட்டின் பிஎச் ஒரு புள்ளிகூட அசையாது. சுண்ணாம்பு மண்ணின் பிஎச்சோடு மல்லுக்கட்டுவது கடலை வாளியால் இறைக்கிற வேலை. காட்டை மாற்ற முடியாது, வேரைச் சுற்றி நாலு விரற்கடை மண்ணை மாற்றலாம், இல்லையென்றால் இலை வழியாகப் போகலாம். என் மொத்த வைத்தியமும் இந்த இரண்டுதான்.

களர் மண்ணுக்கு மட்டும் வேறு வழி உண்டு, அது ஜிப்சம். ஜிப்சத்தில் உள்ள கால்சியம் போய் மண்ணில் ஒட்டியிருக்கும் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும், வெளியே வந்த சோடியத்தைத் தண்ணீர் கழுவிக்கொண்டு போகும். கழுவத் தண்ணீரும் வெளியேற வாய்க்காலும் இல்லாவிட்டால் ஜிப்சம் போட்டும் பலன் இல்லை. ஆய்வகம் சொன்ன ஜிப்சம் தேவையில் பாதி போட்டால் போதும். சமன் செய்து, வரப்பை உயர்த்தி, ஜிப்சத்தைத் தூவி மேலாக உழுது, பத்து செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, வடித்து, மறுபடி கட்டி வடிக்க வேண்டும். மானாவாரி மிளகாய்க்காரருக்கு இது எப்படி முடியும் என்று கேட்பீர்கள். நெல் போடும் வருடத்தில் செய்துவிடுங்கள், எப்படியும் அப்போது காட்டில் தண்ணீர் நிற்கும். அறுவடைக்குப் பின் கோடை மழை ஒன்று விழுந்தால் தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் முன் மடக்கி உழுதுவிட்டால் அடுத்த பட்டத்துக்கு மண் கை கொடுக்கும்.

உவர் மண்ணுக்கு ஜிப்சம் வேலை செய்யாது. அங்கே வேண்டியது மழைத்தண்ணீர் மட்டும். புரட்டாசி, ஐப்பசி முதல் மழையைக் காட்டிலேயே நிறுத்தி உப்போடு வெளியேற்றுங்கள். போர் தண்ணீர் பாய்ச்சி மிளகாய் போடுபவர்கள் பார் (உயர்த்திக் கட்டிய மண் மேடு) உச்சியில் செடி வைக்காமல் சரிவில் வையுங்கள், உப்பெல்லாம் உச்சிக்குத்தான் ஏறும்.

அடியுரம்

நம் ஊரில் பழைய ஆட்கள் செய்ததில் எனக்கு முழு நம்பிக்கை உள்ள ஒன்று ஆட்டுக்கிடை. ஆவணிக்கு முன்னால் ஆடு மேய்க்கும் கீதாரிகளிடம் பேசி நாலு ராத்திரி கிடை போட்டுவிட்டால், அந்தப் புழுக்கையும் மூத்திரமும் மட்கும்போது வரும் அமிலம் வேர்ப் பக்கத்தில் பூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடும். கண்மாய்க் கரம்பையும் (வண்டல் மண்) நல்லதுதான், ஆனால் கடலை ஒட்டின கண்மாயில் வெட்டின கரம்பை உப்பாக இருக்கும். வண்டி பேசும் முன் ஒரு பிடியை நாக்கில் வைத்துப் பாருங்கள், சந்தேகமாக இருந்தால் இசி பார்த்துவிடுங்கள். ஒன்றே ஒன்று வேண்டாம், சீமைக் கருவேலக் கரிமூட்டச் சாம்பல். சும்மா கிடைக்கிறதே என்று டிராக்டரில் அள்ளிக் கொட்டுகிறார்கள், சாம்பலும் காரம்தான், நான் வாங்கி வந்த டாலமைட்டுக்குத் தம்பி.

துத்தநாக சல்பேட் ஏக்கருக்கு 10 கிலோ. அதை அப்படியே தூவினால் சில வாரத்தில் பூட்டிக்கொள்ளும். 100 கிலோ மட்கிய தொழு உரத்தோடு கலந்து, பிடித்தால் உருண்டை நிற்கும் அளவுக்கு ஈரம் தெளித்து, நிழலில் குவித்து மூடி ஒரு மாதம் வையுங்கள். அப்புறம் கடைசி உழவில் சால் பிடித்துப் போடுங்கள். வாங்கும்போது பையைத் திருப்பிப் பாருங்கள், 21 சதவீதம் என்றும் 33 சதவீதம் என்றும் இரண்டு விதம் உண்டு. 10 கிலோ என்பது 21 சதவீதத்துக்கு, மற்றது ஆறரைக் கிலோ போதும். டிஏபி என்கிற பாஸ்பேட் உரத்தோடு கலந்து வைக்காதீர்கள், பாஸ்பேட்டும் துத்தநாகமும் சேர்ந்து கல்லாகிவிடும். நான் மணிச்சத்துக்கு சூப்பர் பாஸ்பேட்தான் போடுகிறேன், அதில் கந்தகமும் கால்சியமும் சேர்ந்து வருகிறது. தழைச்சத்தில் ஒரு பங்கை அம்மோனியம் சல்பேட்டாகக் கொடுத்தால் வேர் ஓரம் சற்றே புளிக்கும், அதுதான் நமக்கு வேண்டும். யூரியா என்றால் மேலே வீசிவிட்டுப் போகாதீர்கள், கார மண்ணில் அது ஆவியாகக் காற்றில் போகும்.

பொட்டாஷ் விஷயத்தில் புகையிலைக்காரர்களிடம் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. சிவப்பு பொட்டாஷில் பாதிக்குப் பாதி குளோரைடு, அது இலையில் ஏறினால் புகையிலை சரியாக எரியாது என்று அவர்கள் சல்பேட் பொட்டாஷ்தான் தேடுவார்கள். நம் காட்டில் குளோரைடு ஏற்கெனவே கடல் தந்திருக்கிறது. விலை கூடுதல்தான், இசி 1க்கு மேல் உள்ள காட்டுக்கு மட்டுமாவது அதை வாங்குங்கள்.

இலையைப் படிப்பது, தெளிப்பது

எந்த இலை வெளுக்கிறது என்பதுதான் முக்கியம். குருத்து வெளுத்து நரம்பு பச்சையாக நின்றால் இரும்பு. இலை சிறுத்து, கணு நெருங்கி, கொத்தாக நின்றால் துத்தநாகம். அடி இலை முழுக்க மஞ்சளானால் தழைச்சத்து. அடி இலையில் நரம்பு பச்சையாக நின்று இடையில் மட்டும் வெளுத்தால் மக்னீசியம். இந்தக் கடைசி ஒன்றை உச்சிப்புளி, மண்டபம் பக்க மணல்காரர்கள் குறித்துக்கொள்ளுங்கள், கனமழையில் மணலிலிருந்து மக்னீசியம் அரித்துக்கொண்டு போகும். மணலில் புகையிலை போடும் அமெரிக்கக்காரர்கள் இதற்கு "மணல் மூழ்கல்" என்கிற மாதிரி ஒரு பேரே வைத்திருக்கிறார்கள். மக்னீசியம் சல்பேட் பத்து லிட்டர் டேங்குக்கு 100 கிராம் அடித்தால் திரும்பும்.

இலை சுருண்டால் உடனே நுண்ணூட்டம் என்று ஓடாதீர்கள். ஓரம் மேல்நோக்கிப் படகு மாதிரி மடிந்தால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிலந்திப்பூச்சி, ஒட்டுமொத்தமாகக் குருண்டு குட்டையானால் வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். இதற்கெல்லாம் ஜிங்க் அடித்துக் காசைக் கரியாக்கினவர்கள் எங்கள் ஊரிலேயே நிறைய.

துத்தநாகத்துக்கு: பத்து லிட்டர் டேங்குக்குத் துத்தநாக சல்பேட் 50 கிராம், யூரியா 100 கிராம். யூரியா வேண்டாம் என்றால் 25 கிராம் நீற்றின சுண்ணாம்பைத் தனியாகக் கரைத்து வடிகட்டி ஊற்றலாம், இலை கருகாது. இந்த வழிகாட்டியில் சுண்ணாம்புக்குள்ள ஒரே வேலை இதுதான். நாற்று நட்டிருந்தால் 40ஆம் நாளிலிருந்து பத்து நாளுக்கு ஒரு முறை, மூன்று முறை. நேரடியாக விதைத்தவர்கள் கிளை பிரிந்து முதல் பூ எட்டிப் பார்க்கும் சமயத்தில் ஆரம்பியுங்கள்.

இரும்புக்கு அன்னபேதி (இரும்பு சல்பேட்) 50 கிராம், சிட்ரிக் அமிலம் 10 கிராம். முதலில் தண்ணீரில் சிட்ரிக் அமிலம், அப்புறம்தான் அன்னபேதி. மாற்றிச் செய்தால், அதுவும் போர் தண்ணீரில் செய்தால், டேங்க் முழுக்கத் துருக் கலங்கல், நாசில் அடைத்துக்கொள்ளும். ஊருணித் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத்தண்ணீரோ எடுங்கள். அன்னபேதி வெளிர்பச்சையாக இருக்க வேண்டும், கடையில் கிடந்து காவி நிறமானதை அரை விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். இரண்டு முறை, பத்து நாள் இடைவெளி, வெயில் தாழ்ந்த பிறகு. பழைய வெளுத்த இலை பச்சையாகிறதா என்று பார்த்து ஏமாறாதீர்கள், புதிதாக வரும் குருத்தைப் பாருங்கள்.

விலை கூடின கொக்கி உரங்கள், அதாவது சத்தைக் கொக்கி போல் பிடித்துக்கொண்டு பூட்டாமல் காக்கும் செலேட், பற்றி. இடிடிஏ, டிடிபிஏ, இடிடிஹெச்ஏ எல்லாம் அதன் வகைகள். இடிடிஏ இரும்பு மண்ணில் பிஎச் 6.5 வரைதான் தாங்கும், டிடிபிஏ 7.5 வரை. எங்கள் 8.4 மண்ணில் இடிடிஏவைச் சொட்டுநீரில் விட்டால் கால்சியம் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும், இரும்பு மறுபடி பூட்டு. ஒரு கடையில் அதைத்தான் என்னிடம் மண்ணுக்கு என்று விற்றார்கள். மண்ணில் விட இடிடிஹெச்ஏ ஒன்றுதான் இங்கே நிற்கும். இலைக்கு அடிக்க இடிடிஏ தாராளமாகப் போதும், ஆனால் அன்னபேதி இருக்கும்போது எதற்கு?

போரான் பூ கொட்டுவதற்குச் சொல்வார்கள். 20 சதவீதப் போரான் டேங்குக்கு 10 கிராம், பூக்கும் போது ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு. கை தாராளம் கூடாது, தேவைக்கும் விஷத்துக்கும் நடுவில் மெல்லிய வரப்புதான். கடல்தண்ணீரிலேயே லிட்டருக்கு நாலரை மில்லிகிராம் போரான் உண்டு, கடல் ஏறின போர் தண்ணீர் பாய்ச்சுபவர்கள் அட்டையில் போரான் எண்ணைப் பார்க்காமல் தொடவே வேண்டாம்.

நம் குண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு நிறத்தையும் காரத்தையும் கேட்டு வாங்க ஆள் வருகிறார்கள், அதனால் பழம் சிவக்கத் தொடங்கிய பின் இலைக்கு எதுவும் அடிப்பதில்லை, பழத்தோலில் வெள்ளைக் கறை படியும். பூச்சி மருந்தோடு அன்னபேதியைக் கலந்து ஒரே நடையில் முடிக்கலாம் என்று ஆள் கூலிக்காரர் சொல்வார், ஒத்துக்கொள்ளாதீர்கள். சந்தேகம் இருந்தால் நாலு செடிக்கு மட்டும் அடித்து இரண்டு நாள் பொறுங்கள். அட்டையையும் அடித்த தேதியையும் ஒரு நோட்டில் எழுதி வைத்து, மூன்றாம் வருடம் அதே சித்திரையில், அதே இடங்களில் மறுபடி மண் எடுங்கள், இந்தத் தடவை பிளாஸ்டிக் வாளியோடு.